நாட்டுக்கோழிக் குஞ்சு 40, அட்டைப்பெட்டி புரூடர் (குஞ்சுக்குச் சூடு கொடுக்கிற அடைப்பு): ராத்திரி மூலையில் குவிஞ்சு சாகுது

கேள்வி:
வணக்கம். பொரிச்சு மூணு நாள் ஆன நாட்டுக்கோழிக் குஞ்சு 40. பழைய டிவி வந்த அட்டைப்பெட்டியில் (3 அடிக்கு 2 அடி) விட்டிருக்கேன். நடுவில் 100 வாட் குண்டு பல்பு ஒண்ணு, தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில். அடியில் செய்தித்தாள் மட்டும். பெட்டியின் பக்கத்தில், மேலே மாட்டின தெர்மாமீட்டர் சாயந்திரம் 34 டிகிரி காட்டுது. பகலில் எல்லாம் வாயைத் திறந்து இளைக்குது, இறக்கையை விரிச்சுப் படுக்குது. விடியக்காலையில் ஜன்னலுக்கு எதிர் மூலையில் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கிடக்குது. நேத்து 4, இன்னைக்கு 2 அடியில் நசுங்கிப் போச்சு. ரெண்டுக்குக் கால் அகண்டு நிக்க முடியலை. நாலஞ்சுக்குப் பின்பக்கம் எச்சம் காய்ஞ்சு ஒட்டியிருக்கு. ராத்திரி வெளியே 18 டிகிரி. பல்பை 200 வாட்டா மாத்தணுமா?

பதில் 1:
வாட்டைக் கூட்டாதீங்க. பகலில் புழுங்குறதுக்கும் ராத்திரி குவியறதுக்கும் காரணம் அந்தப் பெட்டிதான். 6 சதுர அடியில் 40 குஞ்சு விட்டா, சூடு தாங்காதது விலகிப் போக இடமே இல்லை. ராத்திரி ஜன்னல் பக்கமிருந்து சில்லுக்காத்து அடிச்சா எல்லாம் எதிர்ப்பக்கம் ஒதுங்கும். அங்கே மூலை இருக்கு. மூலைக்குள்ள தலையை விட்ட குஞ்சு திரும்பி வராது, பின்னால் வர்றது மேலே ஏறும். அடியில் மாட்டினது மூச்சு முட்டிச் சாகுது.

மூலையே இல்லாத வட்டம் கட்டுங்க. 13 அடி நீளம், ஒன்றரை அடி உயரத்தில் தகரத் தகடு அல்லது கெட்டி அட்டை வாங்கி, அரை அடி ஒண்ணு மேல ஒண்ணு வர்ற மாதிரி வளைச்சுக் கட்டினா 4 அடி விட்டம் வரும். அதாவது பன்னிரண்டரை சதுர அடி. குஞ்சுக்குக் கால் சதுர அடி கணக்கில் 40 குஞ்சுக்கும் மிச்சமா இடம் இருக்கும்.

சூட்டுக்குக் குஞ்சுக்கு 2 வாட், குளிர்காலத்தில் 3 வாட். உங்களுக்கு 60 வாட் குண்டு பல்பு ரெண்டு போதும். ஒரே 100 வாட்டை விட இது நல்லது, ராத்திரி ஒண்ணு பியூஸ் போனாலும் இன்னொண்ணு எரியும். ரெண்டையும் வட்டத்துக்கு நடுவில் தொங்கவிட்டு, மேலே பழைய அலுமினியப் பேசினைக் கவிழ்த்துத் தொங்கவிடுங்க. மேலே போற சூட்டை அது கீழே திருப்பிவிடும். பேசின் விளிம்பு தரைக்கு ஒரு அடி மேலே இருக்கட்டும். பேசினுக்கு அடியில் சூடு, தகடு ஓரத்தில் குளிர்ச்சி, எங்கே நிக்கணும்னு குஞ்சே முடிவு பண்ணும். தீனியும் தண்ணியும் ரெண்டுக்கும் நடுவில் வைங்க, பல்புக்கு நேர் கீழே வேண்டாம்.

தெர்மாமீட்டரை மேலே மாட்டிப் பிரயோஜனம் இல்லை. பேசின் விளிம்புக்கு நேர் கீழே, தரையிலிருந்து 2 அங்குலத்தில், குஞ்சின் முதுகு உயரத்தில் வைங்க. முதல் வாரம் அங்கே 35 டிகிரி வேணும். அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி குறைச்சுக்கிட்டே வாங்க. பல்பை ரெண்டு அங்குலம் ஏத்தினாலே வித்தியாசம் தெரியும்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. தரையைப் பத்தி ஒரு வார்த்தை. வெறும் செய்தித்தாள் குஞ்சுக்கு வழுக்கும், கால் அகலுறது பெரும்பாலும் அதனாலதான். கடலைத்தோலோ உமியோ 2 அங்குலம் பரப்பி, மேலே சணல் சாக்கை விரிங்க, நகம் பிடிச்சு நிக்கும். முதல் மூணு நாலு நாள் குஞ்சு உமியைக் கொத்தித் தின்னாமலும் சாக்கு காக்கும், அப்புறம் எடுத்திடலாம். அகண்ட கால் ரெண்டையும், சாதாரணமா நிக்கும்போது இருக்குற இடைவெளியில், மெல்லிய பிளாஸ்திரி பட்டையால் சேர்த்து ஒட்டி ரெண்டு மூணு நாள் விடுங்க. முதல் வாரத்துக்குள்ள செஞ்சாத்தான் கால் கூடும்.

ஒட்டின எச்சத்தைக் காய்ஞ்சபடி பிய்க்காதீங்க, தோல் கிழிஞ்சிடும். வெதுவெதுப்பான தண்ணியில் நனைச்ச பஞ்சை ரெண்டு நிமிஷம் வச்சு ஊறினதும் துடைங்க, ஈரம் காய்ஞ்ச பிறகு தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு. அதே இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் வயித்தில் இருக்கிற பொருக்கு தொப்புள், அதைத் தொடவே கூடாது. சூடு ஏறி இறங்கினாலே இந்த எச்சம் ஒட்டுற தொல்லை வரும், வட்டம் சரியானா பாதி குறையும்.

தண்ணித் தட்டில் கூழாங்கல் போடுங்க, விழுந்து நனையாது. நனைஞ்ச குஞ்சு 35 டிகிரியிலும் விறைக்கும்.

பதில் 3:
எங்க ஊர்க் கடையில் குண்டு பல்பே இல்லை, எல்லாம் எல்இடிதான். "100 வாட்டுக்குச் சமம்"னு அட்டையில் போட்ட எல்இடி ரெண்டு போட்டா ஆகாதா? கரண்டு போனா கரி அடுப்பு வைக்கலாமா?

பதில் 1:
ஆகாது. அந்தச் "சமம்" வெளிச்சத்துக்குத்தான். அது இழுக்குறதே பத்துப் பதினஞ்சு வாட்தான், குஞ்சு முதுகுக்குச் சூடு வராது. பறவைக்கடையில் கிடைக்கிற செராமிக் ஹீட்டர் 100 அல்லது 150 வாட் வாங்குங்க. அது வெளிச்சம் தராது, கூடவே ஒரு சின்ன எல்இடி எரியணும், இருட்டில் குஞ்சு குவியும். பீங்கான் ஹோல்டர்தான் போடணும், பிளாஸ்டிக் ஹோல்டர் இளகிக் கழண்டு உமியில் விழும், தீப்பிடிக்கிறது அப்படித்தான். வயரில் தொங்கவிடாமல் ரெண்டு தனிச் சங்கிலியில் மாட்டுங்க. 250 வாட் சிவப்பு பல்புன்னா ஒன்றரை முதல் 2 அடி உயரம் வேணும், 4 அடி வட்டத்துக்கு அது அதிகம். உடையாத பல்புன்னு டெஃப்லான் பூச்சோட வர்றதை வாங்கவே வாங்காதீங்க, பூச்சு சூடேறினா வர்ற புகை கோழியைக் கொல்லும்.

மூடின அறையில் கரி அடுப்பு கூடவே கூடாது. அந்த விஷவாயு குஞ்சை மட்டும் இல்லை, ஆளையும் கொல்லும். எவர்சில்வர் தூக்குவாளியில் கொதிதண்ணி ஊத்தி இறுக்க மூடி, சாக்கில் சுத்தி நடுவில் வைங்க, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா மாத்தணும். இன்வெர்ட்டர் இருந்தா 150 ஏஎச் பேட்டரி ஒண்ணு, 60 வாட் பல்பு ரெண்டையும் ஏழெட்டு மணி நேரம் ஓட்டும்.

கேள்வி கேட்டவர்:
வட்டம் கட்டிட்டேன். ஜன்னல் பக்கம் சாக்கும் தொங்குது. ராத்திரி சூடு சரியா இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? மேலேயும் மூடணுமா?

பதில் 2:
மேலே முழுசா மூடாதீங்க. குனிஞ்சு மூக்கை உள்ளே வச்சுப் பாருங்க, கண் எரிஞ்சா காத்தோட்டம் பத்தலை. சாக்கு தகட்டைச் சுத்தித்தான்.

சரியான சூட்டில் குஞ்சு அங்கொண்ணு இங்கொண்ணா பரவிப் படுத்து, கழுத்தை நீட்டித் தரையில் வச்சுத் தூங்கும், சத்தம் மெல்லிசா இருக்கும். பல்புக்கு அடியில் நெருக்கிக்கிட்டு விடாமல் கீச்சுன்னு கத்தினா குளிர். ஓரத்துத் தகட்டோட ஒட்டி வாயைத் திறந்தா சூடு. எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினா காத்து எங்கேயோ புகுதுன்னு அர்த்தம், உயரத்தை மாத்த வேண்டாம், ஓட்டையை அடைங்க. சந்தேகமா இருந்தா ஒரு குஞ்சை எடுத்துப் பாதத்தை உங்க கன்னத்தில் வைங்க. ஜில்லுன்னு இருந்தா பேசினையும் பல்பையும் சேர்த்து ரெண்டு அங்குலம் இறக்குங்க. ராத்திரி பத்து மணிக்கும், குளிர் அதிகமா இருக்கிற விடியக்காலை நாலு மணிக்கும் ஒரு தடவை பாருங்க.