எழுபது வயது அப்பாவுடன் வெள்ளியங்கிரி: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கமுங்க. எண்பதுகளின் கடைசியில், நான் பள்ளிக்கூடம் போகும் வயதில், அப்பாவும் சித்தப்பாவும் எங்களை வெள்ளியங்கிரிக்கு, அதாவது கோவைப் பக்கம் ஏழு மலை ஏறிச் சிவனைக் கும்பிடும் இடத்துக்கு, கூட்டிப் போனார்கள். இப்போது இளவட்டங்கள் ராத்திரி ஏறிக் காலையில் இறங்கிவிடுகிறார்கள். நாங்கள் அப்படிப் போகவில்லை. புளிச்சோற்றுப் பொட்டணமும் கச்சாயமும் கட்டிக்கொண்டு, வழியில் பாறைக்கடியில் படுத்து, நிதானமாக ஏறினோம். ஆறாவது மலையில் இருக்கும் ஆண்டி சுனையில் அப்பா என் தலையைப் பிடித்து முக்கியதும், பல் தந்தியடிக்க ஈரத்துண்டோடு ஏழாவது மலை ஏறியதும் நன்றாக நினைவிருக்கிறது.

இப்போது அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. பேரனோடு ஒருமுறை ஏற வேண்டும் என்கிறார். தோட்டத்தில் தினமும் நடக்கிறவர்தான், ஆனால் இடது முழங்கால் வலி உண்டு. சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறார். இருதய டாக்டரிடம் காட்டாமல் கூட்டிப் போகப் போவதில்லை, அதனால் அந்த அறிவுரை வேண்டாம்.

பிப்ரவரியில் வனத்துறை பாதை திறந்ததும், கூட்டமில்லாத வார நாளாகப் பார்த்துப் போகலாம் என்று எண்ணம். மேலே இரவு தங்க இப்போது விடுகிறார்களா? முதல் மலைப் படிக்கட்டிலேயே பாதிப் பேருக்கு மூச்சு வாங்கிவிடும். முதல் மலை முடிவில் இருக்கும் வெள்ளை விநாயகர் கோயிலோடு அப்பாவைத் திருப்பிவிடலாமா, இல்லை மூன்றாவது மலையில் இருக்கும் கைதட்டி சுனை வரை பார்க்கலாமா? இறங்கும்போது முழங்காலுக்கு மூங்கில் தடி ஒன்று போதுமா? அப்புறம், அடிவாரத்தில் பூண்டியில் முந்தின ராத்திரி தங்க நல்ல இடம் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.