"ஃபிட்" என்று யார் முடிவு செய்கிறார்கள்? தேசிய ரக்பி முகாம்களில் இருந்தவர்கள் புனைபெயரில் எழுதிய அனுபவங்கள்

டேப் பெட்டி:

தேசிய ரக்பி அணி முகாம் ஒன்றில் பிசியோவுக்கு உதவியாளாக இருந்தேன். வீரர்கள் பட்டியல் வெளியானதும் "அவனை ஏன் விட்டார்கள், இவன் எப்படி உள்ளே வந்தான்" என்று வெளியே அடிதடியே நடக்கும். உள்ளே இருப்பவர்களுக்கு அதில் பெரிய ஆச்சரியம் இருக்காது. பாதிப் பெயர்கள் பிசியோ கட்டிலிலேயே முடிவாகியிருக்கும்.

காலையில் எழுந்ததும் எடை பார்ப்போம். அப்புறம் ஒரு படிவம். தூக்கம் எப்படி, உடம்பு வலி எவ்வளவு, மனநிலை எப்படி என்று ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பெண் போட வேண்டும், ஐந்து என்றால் எல்லாம் நலம். சாதாரண வாரங்களில் மூன்றும் நான்கும் வரும். ஸ்க்ரம் எனும் கூட்டுத் தள்ளலில் எதிரணியோடு நேருக்கு நேர் முட்டும் முன்வரிசைக்காரர்கள் சிலர் இரண்டுகூடப் போடுவார்கள். அணி அறிவிக்கும் வாரம் வந்துவிட்டால் முகாமில் ஒருத்தருக்கும் வலி இருக்காது, எல்லாம் ஐந்துதான்! அந்த வாரத்தில் நாங்கள் தாளை ஓரமாக வைத்துவிட்டுக் கட்டிலில் படுக்கவைத்துத்தான் பார்ப்போம்.

தொடை இடுக்குக்கு ஒரு சோதனை உண்டு. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கச் சொல்வோம். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுருட்டி இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் வைத்து, கொஞ்சம் காற்றடித்துவிட்டு "அழுத்து" என்போம். முள் எதுவரை ஏறுகிறது என்று குறித்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் வழக்கமான அளவு ஒன்று இருக்கும். அது திடீரென்று இறங்கினால் உள்தொடைத் தசையில் ஏதோ கோளாறு.

நடுக்களத்தில் ஆடும் ஒரு சென்டர் ஆட்டக்காரர், அணிக்குக் கோல் உதைப்பதும் அவர்தான். படிவத்தில் எல்லாம் ஐந்து போட்டிருந்தார். பட்டையை அழுத்தினால் முள் வழக்கத்தைவிட ரொம்பக் கீழேயே நின்றுவிட்டது. "அண்ணா, பட்டை சரியா உட்காரலை, இன்னொரு தடவை" என்றார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, இடுப்பைத் தூக்கி, கழுத்து நரம்பு புடைக்க அழுத்தினார். முதல் தடவை ஏறின அளவுகூட வரவில்லை. வலிக்கிறதா என்று கேட்கும் அவசியமே இல்லாமல் போனது. அன்றைக்கு அவருக்கு உதைப் பயிற்சியும் வேக ஓட்டமும் கிடையாது என்று தலைமை பிசியோ பயிற்சியாளரிடம் சொல்லிவிட்டார். கொஞ்ச நாள் அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த ஆட்டத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார், அதற்கடுத்ததில் முழுசாக ஆடினார். தசை கிழிந்திருந்தால் அந்தத் தொடரையே மறந்திருக்க வேண்டியதுதான். 2011 உலகக் கோப்பையில் நியூசிலாந்தின் கோல் உதைப்பாளர் டான் கார்ட்டரை வீட்டுக்கு அனுப்பியது இதே இடம்தான். கனடாவுடனான ஆட்டத்துக்கு முந்தின நாள், உதைப் பயிற்சியில் கிழிந்தது.

எல்லாரும் கேட்பது பிராங்கோ ஓட்டத்தைப் பற்றி. 20 மீட்டர் போய்த் திரும்பணும், 40 போய்த் திரும்பணும், 60 போய்த் திரும்பணும். அது ஒரு சுற்று. நிற்காமல் ஐந்து சுற்று, மொத்தம் 1200 மீட்டர். நியூசிலாந்து வீரர் பியூடன் பாரெட் 2020இல் 4 நிமிடம் 12 விநாடியில் முடித்தது செய்தியாகவே வந்தது. என்னைக் கேட்டால், விடுமுறையில் யார் ஒழுங்காக உழைத்தார்கள் என்று கண்டுபிடிக்க அது நல்ல சோதனை. எதிராளியைப் பிடித்து வீழ்த்தும் டேக்கிளுக்குமேல் டேக்கிள் செய்துவிட்டு உடனே எழுந்து ஓடுவானா என்பதற்கு அதில் பதில் கிடையாது.

பதினாறாம் நம்பர்:

டேப் பெட்டி அண்ணா சொன்னதெல்லாம் பின்னால் நின்று ஓடி ஆடுபவர்களுக்கு. முன்வரிசைக் கணக்கே வேறு.

நான் மாற்று ஹூக்கர், அதாவது ஸ்க்ரத்தில் முன்வரிசையின் நடு ஆளுக்கு மாற்று. எங்கள் இடத்தில் யாரை வேண்டுமானாலும் நிறுத்திவிட முடியாது. ஸ்க்ரத்தில் கழுத்து முறியும் ஆபத்து இருப்பதால், பயிற்சி பெற்றவர்தான் நிற்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. ஆட்டத்துக்கு 23 பேர் என்றால், பெஞ்சில் இருக்கும் எட்டுப் பேரில் மூன்று பேர் ஹூக்கருக்கும் அவருக்கு இரண்டு பக்கமும் நிற்கும் ப்ராப்புகளுக்கும் மாற்றாக இருந்தாக வேண்டும். ஆள் இல்லாமல் போனால் தள்ளுமுள்ளு இல்லாத வெறும் ஸ்க்ரம்தான், அதற்குக் காரணமான அணிக்கு வெளியேறிய ஆளுக்குப் பதில் ஆளும் கிடைக்காது. ஆகவே ஓரத்தில் வேகமாக ஓடும் விங்கர் அரைகுறையாகத் தேறியிருந்தால் அவரை விட்டுவிடுவார்கள், அரைகுறையாகத் தேறிய ஹூக்கரைத் தூக்கிக்கொண்டு போவார்கள். நியாயமா என்றால் நியாயமில்லை. ஆனால் நான் தேர்வானது அப்படித்தான்.

எனக்குத் தோள்பட்டை மூட்டில் அடி. கையை இடுப்பு உயரத்தில் வைத்து என்ன வேண்டுமானாலும் செய்வேன், தலைக்குமேல் தூக்கினால் மட்டும் உயிர் போகும். பந்து ஓரக்கோட்டைத் தாண்டிப் போனால், வரிசையாக நிற்பவர்களுக்கு அதைத் திரும்ப உள்ளே எறிவது லைன் அவுட். அதில் ஹூக்கர் பந்து எறிவதே தலைக்குமேலேதான். பட்டியல் முடிவாகும் அன்று பயிற்சியாளர், மருத்துவர், லைன் அவுட் பயிற்சியாளர் மூன்று பேரும் கோட்டோரம் நின்றுகொண்டார்கள். கோல்போஸ்ட்டில் ஆள் தாவும் உயரத்துக்கு வெள்ளை டேப் ஒட்டி அதைக் குறிபார்த்து எறியச் சொன்னார்கள். பக்கத்து எறிகளில் பந்து நேராகப் போனது. கடைசி ஆளுக்கு எறிகிற தூரம் வந்ததும் பந்து தாழ்ந்து, டேப்புக்கு ஒரு முழம் கீழே பட்டது. எறிந்துவிட்டு நான் கையை உதறினதை மருத்துவர் பார்த்துவிட்டார்.

பயிற்சியாளர் கேட்டது ஒரே கேள்வி: "எத்தனை நிமிஷம் தம்பி?" இருபது நிமிஷம் தாங்கும் சார், கடைசி ஆளுக்கு எறிய முடியாது என்றேன். சரி, பெஞ்சில் இரு, நீ இறங்கினால் முன்னால் இருக்கிற ஆளுக்கே எறிவோம் என்றார். அன்றைக்கு ஃபார்மில் இருந்த ஒரு சென்டர் வெளியே நின்றார். அவருடைய ஆதங்கம் எனக்குப் புரிகிறது.

2023 உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்கா இந்தக் கணக்கையே தலைகீழாகப் போட்டது. ஹூக்கர் மால்கம் மார்க்ஸ் முழங்கால் அடிபட்டுப் போனார். அவருக்குப் பதிலாக அவர்கள் கூப்பிட்டது பின்னாலிருந்து ஆட்டத்தை நடத்தும் ஃப்ளை ஹாஃப் ஹாண்ட்ரே போலார்டை. கெண்டைக்கால் காயத்தால் முதல் பட்டியலில் இடம் கிடைக்காதவர் அவர். முழுநேர ஹூக்கர் என்று போங்கி ம்போனாம்பி ஒருவர்தான் மிச்சம். இறுதி ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே அவரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வெளியேற, 37 வயது டியான் ஃபூரி மிச்ச நேரம் முழுக்க ஹூக்கராக ஆடினார். லைன் அவுட் தடுமாறியது. கடைசியில் 12-11 என்று ஜெயித்தார்கள், அந்த 12 புள்ளியும் போலார்ட் உதைத்தது. எல்லாரும் துணிச்சல் என்றார்கள். டிவி முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கு ஒவ்வொரு லைன் அவுட்டுக்கும் வயிற்றைக் கலக்கியது!

ஓரத்து ஆள்:

நான் விங். என் கதை சின்னது. தொடைப் பின்தசைக் கிழிசல். ஸ்கேனில் ஆறிவிட்டது, அந்தத் தசையை வலுவாக்கும் நார்டிக் பயிற்சியெல்லாம் வலியில்லாமல் செய்கிறேன், பிசியோ பச்சைக்கொடி காட்டிவிட்டார். ஓட்ட வேகத்தை அளக்கும் ஜிபிஎஸ் கருவி வைத்த உள்ளாடையைப் போட்டு ஓடவிட்டார்கள். அடிபடுவதற்கு முன் நான் தொட்ட உச்ச வேகத்தை நெருங்கவே முடியவில்லை. கால் வலிக்கவில்லை, மனசுதான் பிரேக் போடுகிறது. தேர்வாளர் "மருத்துவர் சொல்வது உன்னால் ஆட முடியும் என்று, எனக்கு வேண்டியது நீ ஒருத்தனைத் துரத்திப் பிடிப்பாயா என்பது" என்று முகத்துக்கு நேராகவே சொன்னார். கோபம் வந்தது உண்மைதான். ஆனால் முகாமில் எனக்குக் கிடைத்த தெளிவான பதில் அது ஒன்றுதான். வேறு வருடங்களில் காரணமே சொல்லாமல் விட்டிருக்கிறார்கள்.

கோட்டோரம்:

ஆட்ட நாள் மருத்துவக் குழுவில் இருக்கிறேன். தசைக் காயத்தில் பேரம் பேசலாம். தலைக்காயத்தில் பேரமே கிடையாது, கிடையாது என்று ஆக்கவே பல வருடம் பிடித்தது.

நினைவு தப்பினாலோ, எழுந்து தள்ளாடினாலோ அதோடு ஆட்டம் முடிந்தது. சந்தேகம் மட்டும் என்றால் 12 நிமிட சோதனைக்கு உள்ளே அழைத்துப் போவோம். இது எந்த மைதானம், இப்போது எந்தப் பாதி, கடைசியாகப் புள்ளி எடுத்தது யார், போன ஆட்டம் யாரோடு, அதில் ஜெயித்தீர்களா என்று கேட்போம். அப்புறம் சொற்களை மனதில் வைத்துத் திருப்பிச் சொல்வது, எண்களைத் தலைகீழாகச் சொல்வது, ஒரு கோட்டில் குதிகாலும் விரலும் ஒட்ட நடப்பது. அதோடு விடமாட்டோம். ஆட்டம் முடிந்த பிறகு ஒரு தடவை, ஒன்றரை நாள் இரண்டு நாள் கழித்து இன்னொரு தடவை.

ஒருமுறை ஸ்க்ரத்தின் ஓரத்தில் நிற்கும் ஃப்ளாங்கர் ஒருவர், எல்லாக் கேள்விக்கும் டக்டக்கென்று பதில் சொன்னார். ஜெயித்தோமா என்று கேட்டதும் "ஜெயிச்சோம் டாக்டர், நான்தானே டிரை போட்டேன்" என்று சிரித்தார். போன ஆட்டத்தில் அவர் ஆடவேயில்லை. வாசலில் உதவிப் பயிற்சியாளர் காத்துக்கொண்டிருந்தார். நான் தலையை ஆட்டியதும் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போய்விட்டார்.

இதில் தேர்வுக்கு என்ன சம்பந்தம் என்றால், 2022இலிருந்து மேல்மட்ட ரக்பியில் கன்கஷன் (அடியில் மூளை அதிர்வது) உறுதியானவர்களில் பெரும்பாலோர் குறைந்தது 12 நாள் ஆட முடியாது. வாரம் ஓர் ஆட்டம் நடக்கும் தொடரில் அடுத்த ஆட்டம் நிச்சயமாகப் போச்சு. அதனால் சிலர் சீசன் தொடக்கத்தில் எடுக்கும் அடிப்படைச் சோதனையில் வேண்டுமென்றே சுமாராகச் செய்துவைப்பார்கள், அப்புறம் அடிபட்டாலும் வித்தியாசம் தெரியாதாம். எங்களுக்குத் தெரியும். திரும்ப உட்காரவைப்போம்.

டேப் பெட்டி:

@பதினாறாம் நம்பர், நிமிஷக் கணக்கை உள்ளபடி சொன்னீர்கள் பாருங்கள், அப்படிச் சொல்பவர்களைத்தான் பயிற்சியாளர்கள் திரும்பத் திரும்பக் கூப்பிடுவார்கள்.

பட்டியலுக்கு வெளியே நிற்பவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லையே. 2011 கதையின் மிச்சத்தைச் சொல்கிறேன். கார்ட்டர் போனார், அவர் இடத்துக்கு வந்த காலின் ஸ்லேட் காலிறுதியில் போனார், அடுத்த ஆரன் க்ரூடன் இறுதி ஆட்டத்தில் முழங்கால் மடங்கி விழுந்தார். நாலாவது ஆளாக இறங்கியவர் ஸ்டீஃபன் டொனால்ட். அழைப்பு வந்தபோது அவர் ஆற்றில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். ஜெர்சி வயிற்றைப் பிடித்தது, அப்படியே இறங்கிப் பெனால்ட்டியை உதைத்தார், நியூசிலாந்து 8-7 என்று கோப்பையை எடுத்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மீன் பிடிக்கப் போனவர் வந்து ஜெயிக்கவைப்பார் என்று நம்பி எந்தப் பயிற்சியாளரும் உட்கார்ந்திருக்க மாட்டார்.

எங்கள் முகாமில் காத்திருப்புப் பட்டியலில் ஒரு ப்ராப் இருந்தார். பெயர் வரவில்லை என்றதும் மனம் விட்டுப்போய்ப் பயிற்சியை நிறுத்திவிட்டார். தொடர் நடுவில் அழைப்பு போனது. வந்த அன்றே ஸ்க்ரம் மெஷினில் தள்ளவைத்துப் பார்த்தார்கள், சில தள்ளலிலேயே முதுகு வளைந்து போனது. மறுநாள் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, பட்டியலில் அவருக்குக் கீழே இருந்தவரைக் கூட்டிவந்தார்கள். அதன் பிறகு காத்திருப்பவர்களுக்கும் ஜிபிஎஸ் உள்ளாடை கொடுத்தனுப்பி, வாரா வாரம் ஓட்டக் கணக்கை வாங்கிப் பார்க்க ஆரம்பித்தோம்.