9 நாள் வீட்ல ஆள் இல்ல, மழை சீசன் வேற... மீன் தொட்டிய எப்படி விட்டுட்டுப் போறது?

தங்கச்சிமடம்_தங்கமீன்:

எல்லாருக்கும் வணக்கம். நவம்பர் கடைசில நாத்தனார் பொண்ணு கல்யாணம் கோயம்புத்தூர்ல, போறது வர்றது மறுவீடு எல்லாம் சேத்து 9 நாள் ஆகும்னு வீட்டுக்காரர் சொல்றாரு. வீட்ல 3 அடி தொட்டி இருக்கு, 36க்கு 15க்கு 18 இஞ்ச், கோல்டு பிஷ் 6 உருப்படி, அதுல ரெண்டு ஒரண்டா, தலைல கொண்டை இருக்குமே அந்த வகை. பின்னாடி தொங்குற பில்டர் ஒன்னு, ஏர் பம்ப் ஒன்னு ஓடுது. இது போக பையன் கொல்லைப்பக்கம் சிமெண்ட் தொட்டில கப்பி மீன் வச்சிருக்கான், அது எத்தனைன்னு அவனுக்கே தெரியாது.

எனக்கு ஏற்கனவே ரெண்டு அடி விழுந்திருக்கு, அதான் முன்கூட்டியே கேக்குறேன். 2024 நவம்பர் 20 ராமேஸ்வரத்துல 40 செ.மீ.க்கு மேல கொட்டுச்சே, அன்னைக்கு எங்க தெருவுல போன கரண்ட் மறுநாள் மத்தியானம் தான் வந்துச்சு, ராத்திரி பூரா மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளந்துக்கிட்டே நின்னுச்சு, எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல, விடியும்போது 3 போயிருச்சு. அப்புறம் பொங்கலுக்கு 5 நாள் ஊருக்குப் போனப்ப பக்கத்து வீட்டு அத்தைகிட்ட சாப்பாட்டு டப்பாவக் குடுத்துட்டுப் போனேன், திரும்பி வந்து பாத்தா தண்ணி கஞ்சி மாதிரி இருக்கு, டப்பா காலி, ரெண்டு மீன் காலி. அத்தைய ஒன்னும் சொல்ல முடியல, "பாவம் பசில வாயத் தொறந்து தொறந்து கேட்டுச்சு"ங்குறாங்க.

ஆட்டோ பீடர் வாங்கலாமா? இன்வெர்ட்டர் இருக்கு, அதுல மாட்டுனா போதுமா? கேமரா வைக்கலாம்ங்குறாரு வீட்டுக்காரர். யாராச்சும் நம்ம கடற்கரைப் பக்கம் இருக்கவங்க சொல்லுங்க, மெட்ராஸ்காரங்க சொல்றது நம்மூர் உப்புக்காத்துக்கு ஒத்து வர மாட்டேங்குது.

வாடைக்காத்து:

தங்கச்சி, பாம்பன்ல இருந்து எழுதுறேன், 20 வருஷமா தொட்டி வச்சிருக்கேன், கொன்ன மீனுக்கு எல்லாம் கணக்கு வச்சா கடல்ல இருக்கறத விடக் கூட வரும்.

மொதல்ல ஒன்னத் தெளிவா வச்சுக்க, வளந்த கோல்டு பிஷ் 9 நாள் பட்டினியா சாகாது. அதுக்குள்ள சுவத்துப் பாசிய மேயும், சும்மா கெடக்கும். சாகுறது ரெண்டே காரணத்துல தான், ஒன்னு காத்து இல்லாம, இன்னொன்னு நல்ல மனசுக்காரங்க அள்ளிப் போட்ட தீனில. உனக்கு ரெண்டுமே நடந்திருக்கு பாரு.

காத்து விஷயம் ஏன் நம்மூர்ல கடுசுன்னா, தண்ணி சூடாக ஆக ஆக்சிஜன் பிடிக்கிற அளவு கொறையும். 20 டிகிரில ஒரு லிட்டர்ல 9 மில்லிகிராம் நிக்கும்னா 30 டிகிரில ஏழரை தான். நமக்கு நவம்பர்லயும் தொட்டித் தண்ணி 27, 28க்குக் கொறையாது. அதுல 6 கோல்டு பிஷ்ங்குறது உன் தொட்டிக்கு நெறைஞ்ச கூட்டம், கணக்குப் போட்டா உன்னுது 150, 160 லிட்டர் தான் வரும். பில்டர் ஓடுற வரைக்கும் தெரியாது, நின்ன சில மணி நேரத்துல தெரியும். ரெண்டு மீன யாருக்காச்சும் குடுத்துட்டுப் போனா அதுவே பாதி வைத்தியம், கோச்சுக்காத.

சரி, இப்ப நான் சொல்றத இந்த வாரமே செய். சாயங்காலம் 6 மணிக்கு மெயினை ஆஃப் பண்ணு. கரண்ட் போயிருச்சுன்னே நெனச்சுக்க, டார்ச் எங்க இருக்கு, பேட்டரி பம்ப் எங்க இருக்கு, எத்தனை மணி நேரத்துல மீன் மேல வருது, அத்தைக்கு எந்த ஸ்விட்ச்ச எப்படிப் போடணும்னு தெரியுதா, எல்லாத்தையும் பாரு. பத்து மணிக்குத் திரும்பப் போடு. தொங்குற பில்டர் தானா தண்ணி எழுப்புதா, இல்ல வெறுமனே உறுமிக்கிட்டு நிக்குதா பாரு. பாதிப் பேருக்கு இது தெரியாது, தண்ணி மட்டம் ரெண்டு விரக்கடை கொறைஞ்சிருந்தா கரண்ட் வந்தாலும் அது எழுப்பாது, மோட்டார் தான் சூடாகும். வாடை அடிக்கிற காலத்துல மூடி இல்லாத தொட்டில 9 நாளைக்கு அந்த அளவு தாராளமா வத்தும். அதனால கழுத்து வரைக்கும் ரொப்பிட்டு மூடி போட்டுட்டுப் போ.

கையில ஒன்னும் இல்லாதப்ப கரண்ட் போனா, ஒரு சொம்பு எடுத்து தொட்டித் தண்ணிய மொண்டு ஒரு அடி ஒசரத்துல இருந்து ஊத்து, பத்து நிமிஷம் ஊத்து, அரை மணி கழிச்சுத் திரும்ப ஊத்து. தீனி ஒரு பொடி கூடப் போடாத, லைட்டு வேண்டாம். அன்னைக்கு ராத்திரி நீ இது செஞ்சிருந்தா அந்த 3ம் இருந்திருக்கும்மா, இனி பேசி என்ன.

கீழக்கரை_கப்பி:

ராத்தா, வாடைக்காத்து காக்கா சொன்னது அம்புட்டும் சரி, நான் பீடர் கதைய மட்டும் சொல்றேன். ஆட்டோ பீடர் ஆன்லைன்ல வாங்கி மாட்டினேன், மொத ரெண்டு நாள் ஜம்முனு கொட்டுச்சு, மூணாவது நாள் இருந்து ஒன்னும் விழல, தொறந்து பாத்தா உள்ள குருணை எல்லாம் ஈரம் இழுத்து வெல்லம் மாதிரி கட்டி கட்டியா ஒட்டிக் கெடக்கு. நம்ம கடற்காத்துல உப்பு டப்பாவே தண்ணி விடுது, இது எம்மாத்திரம். அந்த வெள்ளைக் கட்டி ஒன்னு விப்பாங்க, தண்ணில போட்டா பத்து நாளைக்குக் கரைஞ்சு கரைஞ்சு சாப்பாடு வரும்னு, அதயும் போட்டுறாதீங்க, தண்ணி கலங்குறதுதான் மிச்சம்.

நான் இப்ப பண்றது, மாத்திரை போட்டு வைக்கிற கட்டம் கட்டமான டப்பா இருக்குல்ல, அதுல 3 கட்டத்துல மட்டும் ஒரு வேளைக்கு ஒரு சிட்டிகை போட்டு வச்சுட்டு, திங்கள் வியாழன் ஞாயிறுன்னு மேல எழுதிட்டு, மிச்சத் தீனி டப்பாவ பீரோவுக்குள்ள வச்சு பூட்டிட்டு சாவிய எடுத்துட்டுப் போயிருவேன். பூட்டணும் ராத்தா, சும்மா ஒளிச்சு வச்சா எங்க உம்மா தேடிக் கண்டுபிடிச்சுப் போட்டுருவாங்க.

இன்வெர்ட்டர் விஷயம். 150 ஏஎச் பேட்டரின்னா 12ஆல பெருக்கினா 1800 வாட் அவர், அதுல பாதிக்கு மேல நம்ப வேண்டாம், 900. உங்க பில்டரும் பம்ப்பும் சேந்து 20 வாட் இழுக்கும்னு வைங்க, இன்வெர்ட்டரே சும்மா இருக்கைல ஒரு 15, 20 வாட் தின்னும். அப்பவும் 20 மணி நேரத்துக்கு மேல வரணும். ஆனா வராது, ஏன்னா அதே லைன்ல ரெண்டு பேனு, டியூப்லைட்டு, வைபை எல்லாம் கெடக்கும். ஊருக்குப் போறப்ப மத்த ஸ்விட்ச் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டுப் போங்க, பேட்டரில டிஸ்டில்ட் வாட்டர் இருக்கான்னு பாத்துட்டுப் போங்க. இன்னொன்னு, உங்களுது பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரா இருந்தா மோட்டார் கொர்ர்ருனு சத்தம் போடும், சூடாகும், அந்த மாதிரி இருந்தா பில்டர விட்டுட்டு ஏர் பம்ப் மட்டும் ஓட்டுங்க.

இதுக்கு மேல யூஎஸ்பி ஏர் பம்ப் ஒன்னு வாங்கி வச்சுக்கங்க. ஒன்றரை வாட் தான் எடுக்கும், 10000 எம்ஏஎச் பவர் பேங்க்ல 15 மணி நேரமாச்சும் ஓடும். என்கிட்ட ரெண்டு இருக்கு, ஒன்னு உப்புக்காத்துல பின்னு பச்சை புடிச்சுச் செத்துருச்சு, அதுனால சும்மா வைக்கைல ஜிப் கவர்ல போட்டு வைங்க.

கேமரா வீண். கரண்ட் போனா வைபை போகும், மழைல டவரும் படுத்துரும், நீங்க கோயம்புத்தூர் மண்டபத்துல உக்காந்து கருப்பு ஸ்கிரீனப் பாத்துக்கிட்டு அழுவீங்க, கல்யாணத்துல பிரியாணி கூட எறங்காது.

மண்டபம்_உப்புத்தண்ணி:

நான் கடல் மீன் தொட்டி வச்சிருக்கேன், இங்க இருக்க கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் சிஎம்எப்ஆர்ஐல கோமாளி மீனக் குஞ்சு பொரிக்க வச்சு வளத்ததப் பாத்து வந்த ஆசை. சில விஷயம் விட்டுப் போச்சு, அதச் சொல்றேன்.

ஒன்னு, பில்டர். அதுக்குள்ள ஸ்பாஞ்ச்ல இருக்க நல்ல பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் வேணும். பெரிய மூடுன கேனிஸ்டர் பில்டர் வச்சிருக்கவங்களுக்கு இது முக்கியம், பல மணி நேரம் நின்னா உள்ள அழுகி முட்டை நாத்தம் அடிக்கும், கரண்ட் வந்ததும் அப்படியே ஓட விட்டா அந்த விஷம் அப்படியே தொட்டிக்குள்ள வந்து எறங்கும். தொறந்து, தொட்டித் தண்ணிலயே அலசிட்டு அப்புறம் மாட்டணும். குழாய்த் தண்ணில அலசினா மிச்சம் இருக்க பாக்டீரியாவும் க்ளோரின்ல போயிரும். தொங்குற பில்டர் கொஞ்சம் பரவால்ல, ஸ்பாஞ்ச்ச எடுத்து தொட்டிக்குள்ளயே போட்டு வச்சாக் கூடப் போதும்.

அதனாலயே ஊருக்குப் போறதுக்கு மொத நாள் "சுத்தமா வச்சுட்டுப் போவோம்"னு பில்டரப் பளபளன்னு கழுவுற வேலை வேண்டாம். எல்லாரும் இதச் செய்வோம், வீடு பெருக்கிட்டுப் போற பழக்கம். 4 நாள் முன்னாடியே கால்வாசித் தண்ணி மாத்து, ஏதாச்சும் கோளாறு ஆனா நீ இருக்கும்போதே தெரியட்டும். புது மீனும் அந்த மாசம் வாங்காத.

ரெண்டு, நம்ம போர் தண்ணி. எங்க தெருவுல பிஎச், அதான் தண்ணியோட காரத்தன்மை அளவு, 8க்கு மேல நிக்குது. பிஎச்சும் சூடும் ஏறினா, மிச்சத் தீனி அழுகி வர்ற அம்மோனியா அதே அளவு இருந்தாலும் விஷம் கூடும், அதனால அத்தை போட்ட தீனி மதுரைல கொல்றத விட இங்க சீக்கிரம் கொல்லும்.

மூணு, ட்ரிப்பர். மழை ஈரத்துல வெளி லைட்டு எங்கயாச்சும் லீக் ஆகி ஆர்சிசிபி, அதான் கரண்ட் கசிஞ்சா தானா அணைக்கிற ட்ரிப்பர், விழுந்துரும், தெருவுக்கே கரண்ட் இருக்கும், உன் வீட்ல மட்டும் இருக்காது, யாருக்கும் தெரியாது. போறப்ப மொட்டை மாடி, வாசல், மோட்டார் பிரேக்கர் எல்லாம் எறக்கிட்டுப் போ. பிளக்குக்குப் போற ஒயரு பிளக்க விடக் கீழ ஒரு வளையம் தொங்கிட்டு அப்புறம் மேல ஏறணும், அப்பதான் ஒயர்ல வழியுற தண்ணி பிளக்குக்குள்ள போகாம தரையில சொட்டும்.

சம்பந்தம் இல்லாட்டியும் சொல்லிடுறேன், போன மாசம் ஒரு தம்பி அவசரத்துக்குக் கடல் தண்ணி மொண்டு ஊத்தலாமா, அப்படியே ரெண்டு பவளக்கல்லு எடுத்துக்கலாமான்னு கேட்டாப்ல. பவளம், கடல்குதிரை, கடல் அட்டை எல்லாம் 2001லயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட அட்டவணை ஒன்னுல சேத்தாச்சு, கரை ஒதுங்கினதா இருந்தாலும் கை வைக்காதீங்க. தண்ணியும், பெருமழைக்கு அப்புறம் கரையோரத்துல எடுத்தா உப்பு கொறைஞ்சு கெடக்கும், கடல் தொட்டிக்கு ஆகாது.

தங்கச்சிமடம்_தங்கமீன்:

அண்ணே, நேத்து மெயினை ஆஃப் பண்ணிப் பாத்தேன். சிரிக்காதீங்க. ஆஃப் பண்ண அஞ்சாவது நிமிஷம் ஷோகேஸ் கீழ ஒரே தண்ணி. ஏர் பம்ப்ப தொட்டிக்குக் கீழ தட்டுல வச்சிருந்தேன், காத்து நின்னதும் டியூப் வழியா தண்ணி ரிவர்ஸ்ல எறங்கி பம்ப்புக்குள்ள போய் அங்க இருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மேல சொட்டுது. நல்லவேளை மெயின் ஆஃப்ல இருந்துச்சு. 9 நாள் இல்லாதப்ப இது நடந்திருந்தா வீடே என்ன ஆயிருக்குமோ.

8 மணிக்கு மேல பெரிய ஒரண்டா மொதல்ல மேல வந்துச்சு. சொம்புல ஊத்தினேன், கால் மணில கீழ போயிருச்சு, எனக்கு அழுகையே வந்துருச்சு. பில்டர் திரும்ப எழுப்பிருச்சு.

ஒரு சந்தேகம், மழைத் தண்ணி அண்டால புடிச்சு வச்சு அத மாத்தலாமா? காவிரித் தண்ணி வர்றது 4 நாளைக்கு ஒருக்கா தான்.

வாடைக்காத்து:

பம்ப்ப தொட்டி மட்டத்துக்கு மேல ஒரு ஆணி அடிச்சுத் தொங்க விடு, இல்ல டியூப் நடுவுல ஒரு வால்வு போடு, காத்து ஒரு பக்கம் மட்டும் போறது, மீன் கடைல 50 ரூபாக்குள்ள கெடைக்கும். நான் ரெண்டும் பண்ணி வச்சிருக்கேன்.

வெறும் மழைத் தண்ணிய மட்டும் ஊத்தாத. அதுல உப்புச் சத்து ஒன்னும் கெடையாது, உன் மீன் பழகினது உப்புச் சத்து உள்ள தண்ணி, திடீர்னு மாத்தினா தாங்காது. காவிரித் தண்ணியவே ஒரு டிரம்ல புடிச்சு, க்ளோரின முறிக்கிற மருந்து ஆன்டி க்ளோரின் போட்டு மூடி வை, மழைக் காலத்துல ப்ளீச்சிங் தூக்கலா இருக்கும், வாசனை வந்தாக் கொஞ்சம் கூடப் போடு. அந்த டிரம் உனக்கு இல்ல, அத்தைக்கு. தண்ணி கலங்கிப் போச்சுன்னு போன் வந்தா, தீனிய நிறுத்திட்டு நாலு வாளி எடுத்துட்டு நாலு வாளி ஊத்துங்கன்னு சொல்லலாம்ல.

பாம்பன்ல புயல் கூண்டு ஏத்திட்டாங்கன்னு நியூஸ்ல வந்தா அன்னைக்கே அத்தைக்குப் போன் போட்டு பவர் பேங்க்க சார்ஜ்ல போடச் சொல்லிரு. கொல்லைத் தொட்டி கப்பிய மறந்துறாத, மழைல ரொம்பி வழிஞ்சா குஞ்செல்லாம் சாக்கடைக்குப் போயிரும், மேல கொசுவலை கட்டு.

தங்கச்சிமடம்_தங்கமீன்:

எல்லாரும் கேட்டிருந்தீங்க, முந்தாநாள் வந்துட்டோம். ஒரண்டா ரெண்டும் எங்க மச்சினன் வீட்ல விட்டுட்டுப் போனேன், இங்க இருந்த 4ம் நல்லா இருக்கு. நடுவுல ஒரு ராத்திரி 7 மணி நேரம் கரண்ட் இல்லயாம், அத்தை டார்ச் அடிச்சு யூஎஸ்பி பம்ப்ப மாட்டிட்டு, அது ஓடுதான்னு பாக்க எங்க வீட்டு சோபாலயே படுத்துட்டாங்களாம். மாத்திரை டப்பாவுல ஞாயித்துக்கிழமை கட்டம் அப்படியே இருக்கு, என்னத்தன்னு கேட்டா "அன்னைக்கு தண்ணி லேசா மங்கலாத் தெரிஞ்சுச்சு, நீதான சொன்ன"ன்னாங்க.

கொசுவலைய மட்டும் வாடை தூக்கிட்டுப் போயிருச்சு. கப்பி பாதி காணோம், பையன் என்கூடப் பேசல.

கீழக்கரை_கப்பி:

தம்பிய அழுவ வேண்டாம்னு சொல்லுங்க ராத்தா, வெள்ளிக்கிழமை மண்டபம் வரேன், ஒரு ஜோடி இல்ல, ஒரு பை நெறையத் தரேன். மீன் பாக்கெட்ல ஆக்சிஜன் அடிச்சுத் தான் கொண்டு வருவேன், வந்து சேர்றதுக்கு மொத நாள் தீனி போட மாட்டேன், அதனால வந்ததும் பசில வாயத் தொறக்கும், அத்தை கண்ணுல காட்டாதீங்க.