ஃபேர்பேங்க்ஸ் தக்காளி: மே மாதக் கேள்விக்குப் புதுப்பிப்பு

அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸில் பனி உருகிய பிறகும் மண் சில்லிட்டே கிடக்கிறது, தக்காளியை எப்படிப் பிழைக்க வைப்பது என்று மே மாதம் கேட்டிருந்தேன். உயரப் பாத்தி கட்டி, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளை விரிக்கச் சொன்னீர்கள். ஜூன் 1-க்கு முன் நாற்றை வெளியே நடக்கூடாது என்ற ஊர் வழக்கத்தையும் மதித்தேன்.

பலன் கண்கூடு. கறுப்புத் தாள் வெயிலைத் தானே உறிஞ்சிக்கொள்கிறது. இந்தத் தாளோ வெயிலை நேராக மண்ணுக்குள் விடுகிறது. அடியில் விரலை நுழைத்தால் வெதுவெதுப்பு, ஓரடி தள்ளித் தொட்டால் குளிர். களைகளுக்கும் அதே சுகம் கிடைத்துவிடுகிறது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை!

பசலைக்கீரை கைவிட்டுவிட்டது. ஜூன் கடைசியில் இங்கே பகல் கிட்டத்தட்ட 22 மணி நேரம். இலை விடுவதற்குள் தண்டு நீண்டு பூத்துவிடுகிறது. முட்டைக்கோசுக்கோ அதே நெடும்பகல்தான் விருந்து. தெற்கே பால்மர் கண்காட்சியில் 2012-இல் 62 கிலோவைத் தாண்டிய முட்டைக்கோசு வந்தது; என்னுடையது அந்த ரகமில்லை, கூட்டுக்குப் போதும்.

தக்காளியில் பாதிதான் செடியிலேயே பழுத்தது. உறைபனி வருமுன் மீதியைக் காயாகவே பறித்துத் துவையல் அரைத்தாயிற்று, புளிகூடத் தேவைப்படவில்லை. அடுத்து பூண்டு. இலையுதிர் காலத்தில் ஊன்றி, வைக்கோல் மூடி, மைனஸ் 40-ஐத் தாண்ட வைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? வைக்கோல் எத்தனை அங்குலம் போட்டீர்கள்?