'சரி சார்' மட்டுமே சொல்லும் பயிற்சி விமானி

கேள்வி (ராயபுரம்):
நான் விமானப் பயிற்றுநர். நம்ம வியாசர்பாடிப் பையன் ஒருவன், தரையில் கேட்டால் எல்லாம் கச்சிதமாகச் சொல்கிறான், ஆனால் தரையிறங்கும்போது நான் குரலை உயர்த்தினால் கை இறுகிவிடுகிறது, எதற்கும் 'சரி சார்'தான். என்ன செய்யலாம்?

பதில் (தண்டையார்பேட்டை):
அண்ணே, அந்த 'சரி சார்'தான் ஆபத்து. பதற்றம் மிஞ்சினால் சிலர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள், சிலர் சம்பந்தமில்லாமல் சிரிப்பார்கள். புரிந்ததா என்று கேட்காதீர்கள், ஃப்ளேரை (தரை தொடும் முன் விமானத்தின் மூக்கை மெல்லத் தூக்குவதை) எப்போது ஆரம்பிப்பாய், ஏன் என்று அவன் வாயாலேயே சொல்ல வையுங்கள்.

பதில் (காசிமேடு):
வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறக்கணும், ஒவ்வொரு மணியும் வீட்டில் வாங்கிய கடன். பயிற்சியில் நான் அந்தப் பயத்தோடுதான் உட்கார்ந்திருந்தேன். அப்புறம், நீங்கள் 'ஐ ஹேவ் கண்ட்ரோல்' (இனி நான் ஓட்டுகிறேன்) என்றதும் அவன் கையை எடுப்பதைத் தரையிலேயே பழக்குங்கள்.

கேள்வி கேட்டவர்:
கடனைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. நாளைக்குப் பறப்பதற்கு முன் டீ வாங்கிக் கொடுத்துப் பேசுகிறேன்.