புதுப்பிப்பு: பாஸ்டரைசர் தகடுகளில் படிந்த வெண்படலம்

உதகையில் உள்ள எங்கள் சிறிய பாலாடைக்கட்டிக் கூடத்தில், பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கும் பாஸ்டரைசரின் தகடுகளில் படியும் வெண்படலம், கழுவப் பயன்படுத்தும் காரமான காஸ்டிக் சோடாவின் அளவைக் கூட்டியும் போகவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். இப்போது அது தீர்ந்துவிட்டது.

தொட்டியில் 75 டிகிரி செல்சியஸ் காட்டிய காஸ்டிக் கரைசல், மலைக்குளிரில் கிடக்கும் குழாய்களைச் சுற்றித் திரும்புகையில் 60-க்கும் கீழே இறங்கியிருந்தது. ஆகவே திரும்பும் குழாயில் தெர்மாமீட்டரைப் பொருத்தி, அங்கே 70 டிகிரியை எட்டிய பிறகே கழுவும் நேரத்தைக் கணக்கிடுகிறோம். செறிவு 1 முதல் 1.5 சதவீதமே போதுமானதாக இருக்கிறது. முதல் அலசலுக்கு 40 டிகிரி வெதுவெதுப்பே சரி, ஏனெனில் கொதிநீர் புரதத்தை உலோகத்தில் ஒட்டவைத்துவிடும், பச்சைத்தண்ணீரோ கொழுப்பை உறையவைத்துவிடும்.

காரத்துக்குப் பின்னும் நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்த மிச்சம் பால்கல், பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட். அதைக் காரம் கரைக்காது. இடையில் நன்கு அலசிவிட்டு, 60 டிகிரியில் 0.5 முதல் 1 சதவீத நைட்ரிக் அமிலத்தைச் சுழலவிட்ட பிறகே தகடுகள் பளிச்சென்றாயின.

கொதிக்கவைத்தே கழுவலாமே என்று கேட்டவர்களுக்கு: ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரமுள்ள இங்கே தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும், பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் அதற்கும் முன்பே ஆவிக்குமிழிகள் உண்டாகி ஓட்டம் குன்றும். குளோரின் கலந்த எதையும் அமிலத்தோடு சேர்க்கவே கூடாது, நச்சுவாயு கிளம்பும்.