மகளுக்குத் திமிர் போதாதாம். ரெனிஸ் சம்பியன்களிடம் இருப்பது திமிரா, தன்னம்பிக்கையா?

மட்டிக்களி அம்மா:
என் மகளுக்கு 15 வயது. பாடசாலைக்காகப் பட்மின்டன் விளையாடுகிறாள். போன மாதம் வலயமட்டப் போட்டியில் மூன்றாவது செட்டில் 17-12 என்று முன்னுக்கு நின்றவள், 19-21 என்று தோற்றுவிட்டாள். அழுதுகொண்டு நின்ற பிள்ளையிடம் பயிற்றுவித்தவர் சொன்னது இதுதான்: "உனக்குத் திமிர் போதாது. ஜோகோவிச்சைப் பார், செரீனாவைப் பார். தலைக்கனம் இல்லாத ஆள் ஒருநாளும் சம்பியன் ஆகமுடியாது."

அன்றிலிருந்து பிள்ளை ஒரு மாதிரித்தான் நடக்கிறாள். தம்பியோடு எடுத்தெறிந்து பேசுகிறாள். கூட விளையாடும் பிள்ளைகளை மட்டம் தட்டுகிறாள். கேட்டால், "சேர் சொன்னதைத்தானே செய்கிறேன்" என்கிறாள்.

எங்கள் வீட்டில் எல்லாரும் விடியவிடிய இருந்து ரெனிஸ் பார்க்கிறவர்கள். என் வீட்டுக்காரர் பெடரர் பக்கம், நான் நடால் பக்கம். நடால் பிரெஞ்ச் ஓப்பனை 14 தடவை வென்றவர். கோபத்தில் ஒரு ரக்கெட்டைக்கூட அடித்து உடைத்ததில்லை. அந்த மனிதரிடம் தன்னம்பிக்கை இல்லையா? இரண்டும் வேறு வேறு என்று என் மனசுக்குத் தெரிகிறது. பிள்ளைக்கு விளங்குகிற மாதிரிச் சொல்லத்தான் வரவில்லை. விளையாட்டுத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டச்சுக்குடா:
அக்கா, அழுகிற பிள்ளையிடம் அப்படிப் பேசியது பிழை. ஆனால் சொன்ன விசயம் பிழையில்லை என்பதுதான் என் எண்ணம்.

ஏகாம்பரம் மைதானத்தில் நாங்கள் பந்தடித்த காலத்தில் ஒருவன் பந்தைக் கோட்டைவிட்டால் இன்னொருவன் ஓடிப்போய் மறிப்பான். ரெனிஸில் அப்படி யார் இருக்கிறார்கள்? கோச் பார்வையாளர் பக்கத்திலிருந்து ஒரு சொல் சொல்வதே கிராண்ட்ஸ்லாம் என்கிற நான்கு பெரிய போட்டிகளில் அண்மைக்காலம் வரை குற்றம். 2018 யூ.எஸ். ஓப்பன் இறுதியில் செரீனாவுக்கு முதல் எச்சரிக்கை வந்ததே அதற்காகத்தான். ஒரு புள்ளி முடிந்தால் அடுத்த சேர்வுக்கு 25 வினாடி. அந்த 25 வினாடிக்குள் உங்களை நீங்களேதான் தூக்கி நிறுத்த வேண்டும்.

2019 ஜூலை 14ஐ நினைத்துப் பாருங்கள். இங்கிலாந்து-நியூசிலாந்து கிரிக்கெட் உலகக்கிண்ண இறுதி நடந்த அதே நாள். நான் இரண்டு சனலையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். விம்பிள்டனில் பெடரரும் ஜோகோவிச்சும் மோதிய இறுதி. ஐந்தாவது செட், பெடரர் 8-7, 40-15 என்று முன்னுக்கு. சேர்வ் பெடரர் கையில். ஒரே ஒரு புள்ளி போதும், அதற்கு இரண்டு வாய்ப்பு. அரங்கம் முழுக்க "ரொஜர், ரொஜர்" என்று கத்துகிறது. ஜோகோவிச் இரண்டையும் தடுத்து, 4 மணி 57 நிமிடம் ஆடி, அந்த செட்டை 13-12 என்று வென்றார். பிறகு கேட்டவர்களிடம், கூட்டம் ரொஜர் என்று கத்தும்போது தன் காதில் நோவாக் என்றுதான் விழும் என்றார். உள்ளதை உள்ளபடி கேட்கிற மனிதனுக்கு அந்த இடத்தில் கால் நடுங்கியிருக்கும். ஊர் முழுக்க எதிராக நின்றாலும் எல்லாம் எனக்காகத்தான் என்று நினைக்கிற மனசுக்குத் தமிழில் திமிர் என்றுதான் பெயர்.

சாம்பல்தீவுத் தம்பி:
டச்சுக்குடா அண்ணா, ஜோகோவிச் சொன்னதில் பாதியை விட்டுவிட்டீர்கள். அது அப்படித்தான் என்று தன்னை நம்பவைக்கப் பார்ப்பதாகவும் அதே இடத்தில் சொன்னார். அந்த மனிதருக்கு ரொஜர் என்ற சத்தம் நன்றாகவே கேட்கிறது. கேட்பதால்தான் மனசைத் திருப்ப வேண்டியிருக்கிறது. திமிர் பிடித்தவனுக்குத் தன்னை நம்பவைக்கும் வேலையே இல்லையே, அவன்தான் ஏற்கெனவே நம்பிவிட்டானே. இவர் செய்தது பயிற்சி. சேர்வ் பழகுகிற மாதிரி இதையும் பழகியிருக்கிறார்.

அப்புறம், பெடரர் 2024இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் ஒரு கணக்குச் சொன்னார். 1526 ஒற்றையர் ஆட்டங்கள் ஆடியவர், அதில் கிட்டத்தட்ட 80 வீதம் வெற்றி. ஆனால் ஆடிய புள்ளிகளில் வென்றது 54 வீதம் மட்டும். அதாவது அவ்வளவு பெரிய ஆட்டக்காரரும் நூறு புள்ளி ஆடினால் 46ஐ இழந்திருக்கிறார். எனக்கு இதைக் கேட்ட பிறகு ரெனிஸ் பார்க்கிற கண்ணே மாறிவிட்டது. தலைக்கனம் உள்ளவன் இழந்த ஒவ்வொரு புள்ளியையும் தனக்கு நடந்த அவமானமாக எடுப்பான். ஒரு பின்னேரத்தில் 46 தடவை அவமானப்பட்டவன் 47ஆவது பந்தை எப்படி அடிப்பான்?

அக்கா, தங்கச்சியிடம் இந்த 54ஐச் சொல்லுங்கள்.

உப்புவெளிக்காரன்:
பெடரரைச் சாதுவாக்க வேண்டாம். சின்ன வயதில் ரக்கெட்டை எறிந்து திரிந்த ஆள்தான் அவர். 2009 விம்பிள்டன் இறுதியில் அன்டி ரொடிக்கை வென்ற கையோடு பையிலிருந்து ஒரு ஜக்கட்டை எடுத்துப் போட்டார். அதில் 15 என்று தங்க நிறத்தில் தைத்திருந்தது. அவருடைய 15ஆவது கிராண்ட்ஸ்லாம். எப்போது தைத்தது? ஆட்டத்துக்கு முன்னம்! தோற்ற மனிதன் சில அடி தூரத்தில் உடைந்துபோய் இருக்கிறான், இவர் அதைப் போட்டுக்கொண்டு நிற்கிறார். அடக்கமாகப் பேசினால் அடக்கம் என்று ஆகிவிடாது.

மட்டிக்களி அம்மா:
தம்பி, அந்த ஜக்கட் எனக்கும் பிடிக்கவில்லை. அது எடுப்புத்தான், ஒத்துக்கொள்கிறேன். ரொடிக்கின் முகத்தைப் பார்த்து அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆனால் ஜக்கட்டா ஆட்டத்தை வென்றது? அன்று ரொடிக் சேர்வ் செய்த ஒரு கேமைக்கூடப் பெடரரால் பறிக்க முடியவில்லை, கடைசிவரைக்கும். மொத்தம் 77 கேம். 77ஆவதில்தான் முதன்முதலாகப் பறித்தார், அதோடு 16-14 என்று ஆட்டமே முடிந்தது. நான்கு மணித்தியாலத்துக்கு மேலாக "இப்போது கிடைக்கவில்லை, அடுத்ததில் பார்ப்போம்" என்று திரும்பத் திரும்பப் போய் நின்றிருக்கிறார். என் மகளுக்கு வேண்டியது அந்த நிற்கிற மனசு. அது பையில் கிடந்த ஜக்கட்டில் இருந்து வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

டச்சுக்குடா:
அக்கா, நிற்கிற மனசு எங்கிருந்து வருகிறது என்பதுதானே கேள்வி. 76 கேம் வரை எதிராளியின் சேர்வை ஒரு தடவையும் பறிக்க முடியாத ஆளுக்கு 77ஆவதில் பறிக்கலாம் என்று எந்தக் கணக்குச் சொல்லும்? கணக்குக்கு மிஞ்சிய ஒரு எண்ணம் உள்ளே இருக்க வேண்டும். நம்ம திருகோணமலையில் கோணேசர் கோயிலடியில் இருக்கிற பாறைப் பிளவு, அந்த இராவணன் வெட்டைப் பார்க்காதவர் யார்? மலையைத் தூக்கலாம் என்று நினைக்கவே ஒரு திமிர் வேண்டாமா?

பாலையூற்றுப் பெரியவர்:
தம்பி, கதையை அரைவாசியில் விடாதீர். தூக்கப் போனவன் மலைக்குக் கீழே நசுங்கினான். அங்கே கிடந்து, தன் நரம்பையே யாழாக்கிப் பாடிய பிறகுதான் அவனுக்கு வரம் வந்தது. தூக்கப் போன கை வேறு, பாடின மனம் வேறு.

ரெனிஸிலும் இதைப் பார்த்தோம். ஜோன் மெக்கன்ரோ 1984இல் 82 ஆட்டம் வென்று 3 மட்டுமே தோற்றவர். அந்த மூன்றில் ஒன்று பிரெஞ்ச் ஓப்பன் இறுதி. லென்டலுக்கு எதிராக முதல் இரண்டு செட்டும் இவருக்கு. மைதான ஓரத்தில் ஒரு கமராக்காரரின் ஹெட்ஃபோனில் சத்தம் வந்ததென்று கோபப்பட்டுப் போய் அதற்குள் கத்தினார். பிறகு மூன்று செட்டும் லென்டலுக்கு. பிரெஞ்ச் ஓப்பன் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவேயில்லை. சத்தம் எல்லாருக்கும்தான் கேட்டிருக்கும். 'எனக்கே இப்படியா' என்று எடுத்துக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.

சாம்பல்தீவுத் தம்பி:
ஐயா சொன்னது அப்படியே 2025இலும் நடந்தது. பிரெஞ்ச் ஓப்பன் இறுதி, காற்றடித்த நாள். சபலென்கா முதல் செட்டை எடுத்தும் கொக்கோ காஃபிடம் தோற்றார். தானாக விட்ட பிழைகள் மட்டும் 70. வெளியே வந்து, காஃப் பெரிதாக ஆடி வெல்லவில்லை, தன் பிழையால்தான் வென்றார் என்கிற மாதிரிப் பேசினார். அரையிறுதியில் ஸ்வியாடெக் தன்னை வென்றிருந்தால் இன்று கிண்ணம் அவருக்குத்தான் என்றும் சொன்னார். பிறகு காஃபிடம் மன்னிப்புக் கேட்டது வேறு விசயம்.

இன்னொரு பிள்ளையைப் பாருங்கள். அமாண்டா அனிசிமோவா. ஒரு மாதம் கழித்து விம்பிள்டன் இறுதியில் ஸ்வியாடெக்கிடம் 0-6, 0-6. 57 நிமிடத்தில் உலகமே பார்க்க முடிந்துபோனது. தலைக்கனம் உள்ள யாரும் அந்த வீடியோவை வாழ்நாளில் தொடமாட்டார்கள். அவர் யூ.எஸ். ஓப்பனில் மறுபடி ஸ்வியாடெக்கைச் சந்திக்கும் முன்னம் அதைப் போட்டுப் பார்த்தார். 6-4, 6-3 என்று வென்றார். இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எனக்கு அந்தப் பிள்ளையை நினைத்தால் இப்போதும் கண் கலங்கும்.

டச்சுக்குடா:
தம்பி, அந்த யூ.எஸ். ஓப்பன் இறுதியில் அனிசிமோவாவை வென்றது யார்? சபலென்கா. 6-3, 7-6. நீர் குறை சொன்ன அதே சபலென்கா.

சாம்பல்தீவுத் தம்பி:
தெரியும் அண்ணா. அதைத்தான் எழுத வந்தேன். அன்று வென்ற பிறகு அவர் என்ன சொன்னார்? அவுஸ்திரேலிய ஓப்பன் இறுதியில் தோற்றதும், மறந்துவிட்டுப் போவதுதான் சரி என்று நினைத்தாராம். பாரிஸிலும் அதே நடந்தது. அதற்குப் பிறகுதான் இருந்து அந்த இறுதிகளைத் திரும்பிப் பார்த்து, அதிலிருந்து ஏதாவது படிக்க வேண்டும் என்று தோன்றியதாம். பாரிஸில் "அவள் வெல்லவில்லை" என்று பேசியவரும் நியூயோர்க்கில் கிண்ணம் தூக்கியவரும் ஒரே ஆள்தான். இடையில் அவர் இறக்கி வைத்தது என்ன என்று நீங்களே சொல்லுங்கள்.

டச்சுக்குடா:
கோபத்தை இறக்கி வைத்தார். நான்தான் பெரியவள் என்ற எண்ணத்தை இறக்கி வைக்கவில்லை, வைத்திருந்தால் அந்த இரண்டாவது செட் டைபிரேக்கில் அப்படி அடித்திருக்கமாட்டார். இதில் நான் மாறப் போவதில்லை. ஆனால் தோற்ற ஆட்டத்தைத் திரும்பிப் பார்க்கத் துணிவு வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அக்கா, பிள்ளை ஆடியதை யாராவது போனில் எடுத்தார்களா?

மட்டிக்களி அம்மா:
அவளுடைய சிநேகிதியின் தாய் முழுதும் எடுத்து அனுப்பியிருந்தா. பிள்ளை மனம் உடையும் என்று நான்தான் காட்டாமல் வைத்திருந்தேன். இப்போது இரண்டு பேரும் இருந்து பார்த்தோம்.

17-12க்குப் பிறகு எட்டுத் தடவை ஒரே பக்கத்துக்கே திருப்பி அடித்திருக்கிறாள். எதிரே நின்ற பிள்ளை மூன்றாவது தடவையே அதைப் பிடித்துவிட்டாள். பார்த்ததும் மகள் சொன்னது, "அம்மா, அவள் நல்லா விளையாடியிருக்கிறாள்." அப்படியே எழும்பிப்போய்த் தம்பியைக் கூப்பிட்டு, முற்றத்தில் நின்று இடதுபக்கமாகப் போடு போடு என்று போடவைத்து அடித்துக்கொண்டிருக்கிறாள். இருட்டிவிட்டது, இன்னும் உள்ளே வரவில்லை.

டச்சுக்குடா:
அடுத்த போட்டி எப்போது, எங்கே என்று எழுதுங்கள் அக்கா. வருகிறேன்.